டம்மி ஃபோனில் எடுத்த படம்

ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, ஒரு குடும்பத்தையே வரிசையாக நிற்கவைத்து, "கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லி, ஒரு பிளாஸ்டிக் கட்டியால் படம் எடுத்தவன் நான். மறைத்துப் பயனில்லை, கடையில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். பெங்களூர் தொம்மலூரில் ஒரு மொபைல் கடையில் விற்பனையாளனாகச் சேர்ந்த முதல் வாரம் அது. இந்தக் கடைகளில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் ஃபோன்களில் பாதி ஃபோன்களே அல்ல, டம்மிகள். அதே அளவு, அதே நிறம், ஏறக்குறைய அதே கனம். திரை இருக்க வேண்டிய இடத்தில் அச்சடித்த ஒரு தாள். தாளில் ஒரு நீல மலையும், மலைக்கு மேலே காலை பத்து சொச்சம் என்று ஒரு நேரமும் இருக்கும். நான் அதைக் கையில் எடுத்து, குடும்பத் தலைவரையும் மனைவியையும் இரண்டு மகள்களையும் வெளிச்சம் பார்த்து நிறுத்தி, கட்டைவிரலால் தாளை அழுத்திவிட்டுத் திருப்பிக் காட்டினேன். "பாருங்க சார், எவ்வளவு கிளியரா இருக்கு." அவர் நல்ல மனிதர். மலையைக் கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்தார். பிறகு, "நல்லாத்தான் இருக்கு சார். நாங்க எங்க?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர் எங்கள் ட்ரெய்னர் மேடம். புதிய ஆட்களுக்கு வகுப்பு எடுக்க வந்தவர், என் பின்னால்தான் நின்றிருக்கிறார். டம்மியை என் கையிலிருந்து உருவி, "இது ஷேப் பாக்கறதுக்கு சார். படம் எடுக்கறது இதோ, இந்த ஃபோன்" என்று நிஜ ஃபோனை எடுத்து, மகள்களில் சின்னவளிடம் கொடுத்து அப்பாவை எடுக்கச் சொன்னார். அந்தப் பெண் எடுத்தாள். அப்பா தன் முகத்தைப் பார்த்தார். ஃபோன் விற்றுப்போயிற்று. டம்மி மேடத்தின் தோள்பைக்குள் போனது. "இது என்கிட்டயே இருக்கட்டும் சார். உங்க கையில இருந்தா டேஞ்சரு" என்றார்.

நான் இந்த வேலைக்கு வந்த கதை சிறியது. அதற்கு முன் ஒரு விளம்பர நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். ஃபோன், மிக்சி, துணி துவைக்கும் இயந்திரம் என்று எது வந்தாலும் அதன் கையேட்டைத் தமிழாக்குவது என் தொழில். 'சாதனத்தை நீரில் அமிழ்த்த வேண்டாம்' என்று என் அளவுக்கு இந்த நாட்டு மக்களை எச்சரித்தவர்கள் குறைவு. அந்தக் கையேடுகளை யாரும் படிப்பதில்லை. எழுதியவனாவது படித்திருக்கிறானே என்ற தைரியத்தில்தான், மொபைல் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நேர்காணலில் சொன்னேன். மொழிபெயர்ப்பு வேலையை ஒரு மென்பொருள் எடுத்துக்கொண்டுவிட்டிருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. அதன் தமிழைப் படித்துப் பார்த்தேன். என்னுடையதைவிட ஒன்றும் மோசமில்லை. பிறகு பல மாதங்கள் ஒக்கலிபுரத்து வீட்டில், மனைவி பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக் கொண்டுவரும் சம்பளத்தில் சாப்பிட்டுக்கொண்டு, நல்ல புத்தகங்களாகப் படித்துக்கொண்டிருந்தேன். நல்ல புத்தகங்கள் அந்த நிலைமையில் ஓர் ஆளை என்ன செய்யும் என்பதை அவற்றை எழுதியவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள்.

கடையில் சேர்ந்தாலும் வேலை என்னுடையதாகிவிடவில்லை. புதியவர்கள் ட்ரெய்னர் முன்னால் மூன்று முறை 'ரோல் ப்ளே' செய்துகாட்ட வேண்டும். அவர் வாடிக்கையாளராக வருவார். நாம் அவருக்கு ஒரு ஃபோன் விற்க வேண்டும். பத்துக்கு மதிப்பெண் போடுவார். மூன்றில் ஒன்றிலாவது தேறினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் அந்த மாதத்தோடு வீட்டுக்கு. இந்த வயதில், இந்த ஊரில், எனக்கு வேறு எங்கும் நாற்காலி போட்டுவைத்திருக்கவில்லை. அதனால் அந்த மாதங்களில் நான் பயந்தது, மதித்தது, கனவில் கண்டது எல்லாம் என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவரான ட்ரெய்னர் மேடத்தை மட்டும்தான்.

அவர் கோலார் தங்கவயல்காரர். தினமும் அங்கிருந்து ரயிலில் வந்து, பெங்களூரில் எங்கள் கம்பெனியின் கிளை கிளையாக ஏறி இறங்கி, மாலை ரயிலில் திரும்பிவிடுவார். தன்னைப் பற்றி அதிகம் பேசமாட்டார். ஒரே ஒருமுறை, "எங்க தாத்தா பாறையத் தோண்டனாரு, நான் கஸ்டமரத் தோண்டறேன். ரெண்டுமே சட்டுனு உள்ளத காட்டாது" என்றார். வகுப்பு ஸ்டாக் ரூமில் நடக்கும். அட்டைப்பெட்டிகள்மேல் நாங்கள் உட்கார்ந்திருப்போம். அவர் துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டால், மகனுக்கு ஃபோன் வாங்க நீலசந்திராவிலிருந்து வந்திருக்கும் ஓர் அம்மா. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினால், வாரண்டியைப் பற்றிக் கன்னடத்தில் சண்டை பிடிக்கும் ஓய்வுபெற்ற அதிகாரி. முகத்தை ஒன்றுமே செய்யாமல் வெறுமையாக வைத்துக்கொண்டால், வெயிலுக்குப் பயந்து ஏசிக்காக உள்ளே வந்தவர். இந்த மூன்றாமவருக்கு விற்பதுதான் ஆகக் கடினம் என்பார்.

அவருடைய பாடங்கள் எனக்கு இன்னும் மனப்பாடம். ரேம், ஸ்டோரேஜ் இரண்டுக்கும் வித்தியாசம் கேட்டால் சமையலறையைக் காட்டுவார்: ஸ்டோரேஜ் என்பது மளிகைச் சாமான் அலமாரி, ரேம் என்பது அடுப்பு. அலமாரி பெரிதாக இருந்து அடுப்பு ஒன்றே ஒன்று என்றால் விருந்தாளிகள் காத்துக்கிடக்க வேண்டியதுதான். "ஃபீச்சர் சொல்லாதீங்க, அத வெச்சு வீட்ல என்ன நடக்கும்னு சொல்லுங்க." வாடிக்கையாளர் மூன்று முறை வேண்டாம் சொல்லும்வரை விடக்கூடாது: முதல் வேண்டாம் பழக்கத்தில் வருவது, இரண்டாவது விலையால் வருவது, மூன்றாவதுதான் வேண்டாம். அவசரம் என்று சொல்கிறவரிடம்தான் நேரம் எடுத்துப் பேச வேண்டும். அவர்தான் வாங்க வந்தவர். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தால் நாம் மெல்ல நகர்ந்து அதை மறைத்து நிற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முதல் பாடம் இது: "உள்ள வர்றவங்க மூஞ்சியப் பாக்காதீங்க, கையப் பாருங்க. பழைய ஃபோன் இருக்கும். கிளாஸ் எங்க ஒடஞ்சிருக்கு, சார்ஜர் குத்தற எடம் எப்படித் தேஞ்சிருக்கு, அத பாத்தாலே அவங்களுக்கு என்னா வேணும்னு தெரிஞ்சுடும்." இதை நான் ஒரு தாளில் அழகாக எழுதிவைத்துக்கொண்டேன். எழுதிவைத்துக்கொண்டால் கடைப்பிடித்தது போல ஆகிவிடும் என்பது படித்தவர்களின் நம்பிக்கை.

முதல் ரோல் ப்ளேயில் அவர் நீலசந்திரா அம்மாவாக வந்தார். "படம் நல்லா வருமாப்பா?" என்று ஒரு கேள்விதான் கேட்டார். நான் ஒளியிலிருந்து ஆரம்பித்தேன். சென்சாரைத் தொட்டு, லென்ஸைத் தொட்டு, புகைப்படக் கலை எப்படி வளர்ந்தது என்பதற்கு வந்தபோது மேடம் அட்டைப்பெட்டிமேல் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து, "சார், நான் செத்துட்டேன். இப்ப என் பையன் வந்திருக்கான், அவனுக்காவது விக்கிறீங்களா?" என்றார். நான்கு மதிப்பெண். இரண்டாவது முறை அதிகாரியாக வந்தார். அவர் கன்னடத்தில் 'பேடா' என்று முதல் வேண்டாம் சொன்னதுமே நான் "சரி சார், நன்றி" என்று ஃபோனைக் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். "இன்னா சார் இது, அந்த மனுசன் மூச்சு வுட்டாரு, நீங்க கும்புடு போட்டுட்டீங்க?" மூன்று மதிப்பெண். இரண்டு தடவையும் நான் ஏன், எதற்கு, எந்த இடத்தில் குறைந்தது என்று விவாதித்தேன். காரணம் கேட்கும் பழக்கம் எனக்கு நிறைய உண்டு. கேஷ் கவுன்ட்டரில் இருக்கும் பெண் இந்த விவாதங்களைக் கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

விவாதங்களை முடித்துவைத்தது எப்போதும் ரயில்தான். நேரம் வந்ததும், யார் பேசிக்கொண்டிருந்தாலும், பாதி வாக்கியத்தில் மேடம் எழுந்துவிடுவார். ஒருமுறை எங்கள் மேனேஜர் அவருக்கு நன்றி சொல்லி ஒரு சிறு உரை ஆற்றினார். 'மேடம் அவர்கள் நமக்கு' என்பதைத் தாண்டுவதற்குள் மேடம் அவர்கள் தெருவில் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்திக்கொண்டிருந்தார். அந்த ரயிலை விட்டால் அடுத்ததற்கு ஸ்டேஷனில் நெடுநேரம் உட்கார வேண்டும். வீட்டில் கண் தெரியாத அம்மா விளக்கு போடாமல் காத்திருப்பார் என்று கேஷ் கவுன்ட்டர் பெண் பிறகு சொன்னாள். எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம், அவர் யாருக்காகவும் ரயிலை விடமாட்டார் என்பதுதான்.

கடைசியாக அவர் வந்த நாளைப் பற்றிச் சொல்வதற்கு முன், எங்களுக்கு மறுநாள் தெரியவந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்று காலை ட்ரெய்னர்கள் எல்லோரையும் தலைமை அலுவலகத்துக்கு அழைத்திருக்கிறார்கள். இனி பயிற்சி ஒரு செயலி வழியாக நடக்கும், வீடியோ பார்த்து, கேள்விகளுக்கு விரலால் பதில் தட்டினால் போதும், ட்ரெய்னர்கள் தேவையில்லை. மேடம் அடையாள அட்டையை, மடிக்கணினியை, கம்பெனி கொடுத்திருந்த ஃபோனை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்திருக்கிறார். இத்தனை வருடங்கள் ஃபோன் விற்கச் சொல்லிக்கொடுத்தவரிடம் சொந்தமாக ஒரு ஃபோன் இல்லை. எல்லாம் கம்பெனி ஃபோன்தான். அதனால் வழியில் இருந்த எங்கள் கடைக்கு வந்தார். அவ்வளவுதான் விஷயம். வாசகருக்கு இது தெரிந்திருக்கிறது. கடையில் யாருக்கும் தெரியாது.

அன்று மாலை அவர் வழக்கம்போல் பின்கதவு வழியாக வராமல், வாடிக்கையாளர் போல முன்பக்கக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். முகம் வெறுமையாக இருந்தது. மேனேஜர் தூணுக்குப் பின்னாலிருந்து என்னிடம் கன்னடம் கலந்து கிசுகிசுத்தார்: "ஏசி கஸ்டமர்! உங்க மூணாவது டெஸ்ட். ஹோகி சார், போங்க!" சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போய் நின்றேன்.

"வணக்கம் மேடம், எந்த மாதிரி ஃபோன் பாக்கறீங்க?"

அவர் பையிலிருந்து அந்தப் பழைய டம்மியை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தார். "டம்மி மேடம்!" என்றேன், விடை தெரிந்துவிட்ட மாணவனின் உற்சாகத்தோடு.

"ஆமா சார். உங்க கடை சாமான். வெச்சுக்குங்க. எனக்கு பேசறதுக்கு ஒரு ஃபோன் வேணும். சாதாரணமா, பட்டன் ஃபோன் இருந்தாகூட போதும். கொஞ்சம் சீக்கிரம் குடுங்க."

சீக்கிரம் என்கிறாரா? நான் நிதானமானேன். வாழ்க்கையில் எந்தப் பாடத்தையும் அன்று போல ஒழுங்காக ஒப்பித்ததில்லை. உட்கார நாற்காலி போட்டேன். ஃபோனில் யார் யாரோடு பேசுவார் என்று கேட்டேன். "அம்மாவோட" என்றார். அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேச முடிந்தால் வீட்டில் என்னவெல்லாம் நடக்கும் என்று விளக்கினேன். "அவங்களுக்குக் கண்ணு தெரியாது சார்" என்றார். கடினமான மறுப்பு, பிரமாதமாக யோசித்திருக்கிறார் என்று நினைத்தேன். அப்படியானால் ஒலிபெருக்கியின் தரம் முக்கியம் என்று அடுத்த மாடலுக்குப் போனேன். அடுப்பு, அலமாரி எல்லாம் சொன்னேன். அவருடைய உவமையை அவரிடமே சொல்லும்போது இரண்டு இடத்தில் மெருகேற்றினேன். "வேண்டாம் சார்" என்றார். அது பழக்கத்தில் வந்தது. பழைய ஃபோனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் விலை குறையும் என்றேன்.

"பழைய ஃபோன் இல்ல சார்."

"எல்லார் வீட்லயும் ஒண்ணு இருக்கும் மேடம். டிராயர்ல தேடிப் பாருங்க." இதுவும் அவர் சொல்லிக்கொடுத்த வசனம்தான்.

அவர் தன் கையைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை. முதல் பாடம் அது. அடுத்து அவர் தலையைத் திருப்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நான் இரண்டடி நகர்ந்து அதை மறைத்து நின்றேன். தூணுக்குப் பின்னாலிருந்து மேனேஜர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். இரண்டாவது வேண்டாம் திரைமேல் ஒட்டும் ஸ்கிரீன் கார்டுக்கு வந்தது, பட்டன் ஃபோனுக்கு ஸ்கிரீன் கார்டு. இன்ஷூரன்ஸ் திட்டத்தை விளக்கத் தொடங்கியபோது மூன்றாவது வந்தது. அது அவர் வகுப்பில் நடித்துக்காட்டும் மூன்றாவது வேண்டாம் போல இல்லை. குரலே இல்லாமல் வந்தது. நடிப்பில் என்ன நுணுக்கம் என்று வியந்தேன்.

பில் போட அவரைக் கேஷ் கவுன்ட்டருக்கு அழைத்துப்போனேன். அவரும் அந்தப் பெண்ணும் தலையைக் குனிந்து ஏதோ மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். பேச்சு முடியும்வரை என்னால் பொறுக்க முடியவில்லை. "மேடம், மார்க்கு?" என்று கேட்டேன். அவர் அந்தப் பெண்ணிடம் மறுபடி ஏதோ கேட்டுவிட்டு, நிமிர்ந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார், அந்தக் குடும்பத் தலைவர் மலையைப் பார்த்தது போல. "எட்டு சார். நல்லா பண்ணீங்க" என்றார். நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மேனேஜரிடம் ஓடினேன். அவர் எனக்கு டீ சொன்னார். திரும்பிப் பார்க்கும்போது கண்ணாடிக் கதவு ஆடிக்கொண்டிருந்தது.

மறுநாள் மேனேஜர் என் எட்டைக் கணினியில் ஏற்ற முயன்றார். ட்ரெய்னரின் பெயரை அது ஏற்றுக்கொள்ளவில்லை. பிறகு மெயிலைப் படித்தார், எங்களையும் படிக்கச் சொன்னார். படித்தோம். சுவரில் இருந்த பெரிய டி.வி.யில் ஒரு பெண் ஒலியில்லாமல் சிரித்து, ஃபோனைத் தண்ணீரில் போட்டு எடுத்து, மறுபடியும் முதலிலிருந்து சிரித்தாள். எனக்கு ஏதாவது தோன்ற வேண்டும் என்று காத்திருந்தேன். என்னைப் போல இத்தனை புத்தகம் படித்தவனுக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். கதவு திறந்தது, ஒருவர் சார்ஜர் கேட்டார், எடுத்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் செயலி வந்தது. கேள்விகளுக்கான விடைகள் அதற்கு முந்தைய நாளே வாட்ஸ்அப்பில் வந்திருந்தன. நான் நூற்றுக்கு நூறு வாங்கினேன். வேலை நிரந்தரமாயிற்று. வீட்டில் சொன்னேன்; மனைவி பாயசம் வைத்தாள்; நன்றாகத்தான் இருந்தது.

இப்போது ஃபோன் விற்கிறேன், சுமாராக. நூற்றுக்கு நூறை நான் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. அந்த எட்டைத்தான் மனதுக்குள் வைத்திருந்தேன். கம்பெனி இல்லை, கணினி இல்லை, அதிகாரம் இல்லை. எல்லாவற்றையும் மேசைமேல் வைத்துவிட்டு வந்த ஒருவர், போகிற போக்கில் எனக்கென்று கொடுத்துவிட்டுப் போனது. அப்படிப்பட்ட நாளிலும், யாருக்காகவும் ரயிலை விடாதவர், என் பேச்சை முழுதாக உட்கார்ந்து கேட்டிருக்கிறார். என் பேச்சு அவருக்குச் சிறிது நேரம் நிழலாக இருந்திருக்கலாம். இப்படியெல்லாம் நினைத்துக்கொள்வேன். அவரைத் தேடிப் போகவில்லை. புது ஃபோனின் பில்லில் அவர் எண் இருக்கும். கூப்பிட்டு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

போன வாரம், விற்பனை நின்றுபோன மாடல்களின் டம்மிகளைத் திருப்பி அனுப்ப டிராயர்களைக் காலி செய்துகொண்டிருந்தோம், நானும் கேஷ் கவுன்ட்டர் பெண்ணும். அடியில் அந்த டம்மி கிடந்தது. மலை வெளுத்துவிட்டிருந்தது. நேரம் மட்டும் காலை பத்து சொச்சமாகவே இருந்தது. கையில் வைத்துக்கொண்டு, எட்டைப் பற்றி நான் நினைத்துவைத்திருந்ததையெல்லாம், நிழல் உட்பட, அவளிடம் சொன்னேன். அவள் டம்மிகளை எண்ணி அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"மேடம் சிம்மைக் கர்ச்சீப்புல முடிஞ்சு எடுத்தாந்தாங்க சார். அம்மாவுக்கு ஒரு ஃபோன் போட்டுட்டு ஓடிப்போய் ரயிலப் புடிக்கணும்னு பாத்தாங்க. நீங்க வுடல. ரயிலு போயிடுச்சு. மார்க்கு வேற கேட்டுக்கினு நின்னீங்களா, 'எவ்ளோ சொன்னா வுடுவாரு?'ன்னு என்னைக் கேட்டாங்க. ஏழு சொன்னா ஏன்னு கேப்பாரு, எட்டு சொல்லிடுங்க மேடம்னு நான்தான் சார் சொன்னேன்."